வெளி செட் மாட்டியபின் வரும் கோளாறுகள்: எந்த அறிகுறிக்கு எந்த வயரைப் பார்ப்பது

காரில் கம்பெனி கொடுத்த மியூசிக் செட்டைக் கழற்றிவிட்டு வெளியில் வாங்கிய செட்டை மாட்டுகிறோம், ஒரு வாரத்தில் ஏதோ ஒரு தொந்தரவு வருகிறது. உடனே எல்லாருக்கும் செட்டின் மேல்தான் சந்தேகம் போகும், பீஸ் சரியில்லை என்று கடைக்குக் கிளம்பிவிடுவோம். கும்பகோணம், வலங்கைமான், திருவாரூர் என்று சொந்தக்காரர்கள் வண்டிகளில் நான் உட்கார்ந்து பார்த்தவரை, செட்டே கெட்டுப் போயிருந்தது மிகக் குறைவு. செட்டுக்கும் வண்டிக்கும் நடுவில் இருக்கும் அந்த ஒரு சாண் வயரில்தான் கோளாறு இருந்தது.

அதனால் முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கம்பெனி கப்ளரை, அதாவது வண்டி வயர்களைச் செட்டோடு சேர்க்கும் பிளக்கை, வெட்ட விடாதீர்கள். உங்கள் வண்டி மாடலுக்கு ஏற்ற கப்ளர் தனியாகக் கிடைக்கும், ஒரு பக்கம் வண்டியின் சாக்கெட்டில் போய் உட்காரும், மறுபக்கம் செட்டின் வயர்கள் வரும். சில நூறு ரூபாய் சமாச்சாரம். அதை வாங்காமல் வண்டியின் சாக்கெட்டை நறுக்கி, வயரை முறுக்கி டேப் சுற்றிக் கொடுத்துவிட்டால், அப்புறம் எந்தக் கோளாறு வந்தாலும் அது வண்டியில் இருக்கிறதா செட்டில் இருக்கிறதா என்று பிரித்துப் பார்க்கவே முடியாது. கப்ளர் முழுசாக இருந்தால் பழைய செட்டை இரண்டு நிமிஷத்தில் திரும்பச் சொருகிப் பார்க்கலாம். பழைய செட்டிலும் அதே கோளாறு இருந்தால் வண்டி வயரிங், இல்லையென்றால் புதுச் செட்டோ அதன் கப்ளரோ. கீழே சொல்வதில் பாதிக்கு மேல் இந்த ஒரு சோதனையில் தொடங்குவதுதான். பழைய செட்டை விற்றுவிடாதீர்கள், துணியில் சுற்றிப் பரண்மேல் வையுங்கள்.

கையில் இருக்க வேண்டியவை: ஒரு மல்டிமீட்டர், ஒரு பென்சில் பேட்டரி, இன்சுலேஷன் டேப், பிளாஸ்டிக் நெம்பி. டேஷ்போர்டைத் தொடும்முன் பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றிவிட்டுச் சில நிமிடம் சும்மா விடுங்கள். வண்டிப் பக்கம் மஞ்சள் உறை போட்ட வயரோ மஞ்சள் கப்ளரோ கண்ணில் பட்டால் அது ஏர்பேக் (செட்டிலிருந்து வரும் மஞ்சள் வயர் வேறு), அதில் மீட்டர் வைக்கவே கூடாது. பழைய செட் பாதுகாப்பு ரகசிய எண் கேட்கும் வகையாக இருந்தால், கழற்றும் முன்பே அந்த எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், பேட்டரி துண்டித்த பிறகு தேடினால் சிரமம்.

வெளி செட்டின் வயர் நிறங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி வரும். மஞ்சள் எப்போதும் 12 வோல்ட் வரும் லைன். சிவப்பு சாவி திருப்பினால் மட்டும் வருவது. கறுப்பு எர்த், வண்டியின் பாடியோடு சேர வேண்டியது. நீலம் ஆண்டெனாவுக்கு, நீலத்தில் வெள்ளைக் கோடு இருந்தால் ஆம்ப்ளிபயரை எழுப்புவதற்கு. ஆரஞ்சு ஹெட்லைட் போட்டால் திரை வெளிச்சம் குறைவதற்கு. ஸ்பீக்கரில் வெள்ளை முன் இடது, சாம்பல் முன் வலது, பச்சை பின் இடது, ஊதா பின் வலது, கறுப்புக் கோடு போட்டதெல்லாம் அதனதன் நெகட்டிவ். இது செட் பக்கத்து நிறம் மட்டும்தான். வண்டிப் பக்கம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், நிறத்துக்கு நிறம் சேர்த்தால் தவறிவிடும், மீட்டர் வைத்துத்தான் உறுதி செய்ய வேண்டும்.

செட் ஆனே ஆகவில்லை

செட்டின் முதுகில் ஒரு பியூஸ் இருக்கும், பெரும்பாலும் 10 அல்லது 15 ஆம்பியர். அதையும் வண்டியின் பியூஸ் பாக்ஸில் ஆடியோவுக்கான பியூஸையும் பாருங்கள். இரண்டும் நல்லா இருந்தால் மீட்டரின் கறுப்பு முனையை வண்டியின் பாடியில் வைத்துக்கொண்டு மஞ்சளைத் தொடுங்கள், சாவி இல்லாமலேயே 12 வோல்ட்டுக்கு மேல் காட்ட வேண்டும். நல்ல பேட்டரி 12.6 காட்டும். அடுத்து சிவப்பு. சாவி ஆஃபில் பூஜ்யம், ஏ.சி.சி.யில் (இன்ஜின் ஓடாமல் ரேடியோ மட்டும் பாடும் சாவி நிலை) 12. மூன்றாவதாகத்தான் எல்லாரும் எர்த்தைப் பார்ப்பார்கள், உண்மையில் அதுதான் முதலில் பார்க்க வேண்டியது. கறுப்பு வயரை டேஷ்போர்டுக்குள் பெயின்ட் அடித்த ஏதோ ஒரு ஸ்குருவில் மாட்டியிருப்பார்கள். பெயின்டைச் சுரண்டி வெறும் இரும்பில் இறுக்கினால் செட் உயிர் பெற்றுவிடும்.

புது வண்டிகள் சிலவற்றில் ரேடியோ கப்ளரில் ஏ.சி.சி. லைனே இருக்காது, சாவி போட்ட செய்தி கேன் பஸ் (வண்டியின் கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேசும் வயர்) வழியாக வரும். அங்கே சிவப்பு வயருக்கு எங்கே தேடினாலும் 12 வோல்ட் கிடைக்காது. கேன் பஸ் டிகோடர் பெட்டி வேண்டும், அல்லது பியூஸ் பாக்ஸிலிருந்து தனி லைன் எடுக்க வேண்டும்.

சாவியை எடுத்ததும் நேரம், ஸ்டேஷன், சவுண்ட் செட்டிங் எல்லாம் அழிந்துபோகிறது

மஞ்சளும் சிவப்பும் இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். ஐரோப்பியக் கம்பெனிகளின் வண்டிகள் சிலவற்றில் கப்ளரில் இந்த இரண்டும் மாறித்தான் வரும், அதற்காகவே பல கப்ளர்களில் இந்த இரண்டு வயருக்கு நடுவில் மட்டும் கழற்றி மாற்றும்படி சின்ன இணைப்பு வைத்திருப்பார்கள். கழற்றிக் குறுக்காகச் சொருகினால் சரியாகிவிடும்.

வண்டி எடுக்கும்போது செல்ஃப் அடிக்கும் நொடியில் செட் அணைந்து திரும்ப வருவது கோளாறு இல்லை, அந்த நேரத்தில் வண்டியே ஏ.சி.சி.யைத் துண்டித்துவிடும்.

நாலு நாள் நிறுத்தினால் பேட்டரி இறங்கிவிடுகிறது

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் வீணாகப் பணம் போகிறது. வலங்கைமானில் என் மாமாவின் வேகன் ஆர், ஞாயிற்றுக்கிழமை மட்டும் கோயிலுக்கு எடுப்பார், மற்ற நாளில் கொட்டகையில் நிற்கும். புதுச் செட் போட்ட மாதத்திலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் வண்டியைத் தள்ளித்தான் எடுத்தார். பேட்டரி போய்விட்டது என்று புதுப் பேட்டரியும் வாங்கிப் போட்டுவிட்டார், அடுத்த ஞாயிறே மறுபடி தள்ளல். "ஏம்ப்பா, ஒரு பாட்டுப்பெட்டி பேட்டரியவா தின்னும்?" என்று என்னிடம் கேட்டார். ஆமாம், தின்னும் மாமா என்றேன்.

சோதனை இப்படி. மீட்டரின் சிவப்பு முனையை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, மீட்டரை ஆம்பியரில் வையுங்கள். பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றி, கழற்றிய வயருக்கும் பேட்டரி முனைக்கும் நடுவில் மீட்டரைக் கொடுங்கள். சாவி வெளியே, கதவெல்லாம் சாத்தியிருக்க வேண்டும். இந்த நிலையில் மறந்தும் செல்ஃப் அடிக்கக் கூடாது, மீட்டர் போய்விடும். முதலில் கூடுதலாகக் காட்டும், வண்டி தூங்கப் போக இருபது முப்பது நிமிடம் கொடுங்கள். அதன்பிறகு 50 மில்லி ஆம்பியருக்குள் நின்றால் நல்லது. மாமா வண்டியில் அரை மணி கழித்தும் 0.38 ஆம்பியர். செட் முதுகுப் பியூஸைப் பிடுங்கினேன், சட்டென்று 0.02க்கு இறங்கியது. ஆள் பிடிபட்டுவிட்டான்.

கணக்கையும் பாருங்கள். சின்னக் கார் பேட்டரி 35 ஆம்பியர் ஹவர் என்று வைத்துக்கொண்டால், 35ஐ 0.38ஆல் வகுத்தால் சுமார் 92 மணி நேரம், நாலு நாள்கூட இல்லை. செல்ஃப் அடிக்கும் தெம்பு அதற்கு முன்னாலேயே போய்விடும். உள்ளே பார்த்தால், மாட்டியவர் ஏ.சி.சி. லைனைத் தேடாமல் சிவப்பையும் மஞ்சளையும் ஒன்றாக முறுக்கி ஒரே லைனில் கொடுத்திருந்தார். திரை அணைந்திருந்ததே தவிர, செட் ராத்திரி பகல் விழித்துக்கொண்டுதான் இருந்தது. சிவப்பைப் பிரித்து சிகரெட் லைட்டர் லைனுக்கு மாற்றினோம், அது சாவியோடு சேர்ந்து அணைவதை மீட்டரில் பார்த்த பிறகுதான் இணைத்தோம். மாமா வாங்கிப் போட்ட அதே பேட்டரிதான் இன்றும் ஓடுகிறது.

ஆண்ட்ராய்டு செட்டாக இருந்தால் வயர் சரியாக இருந்தும் கொஞ்சம் கூடுதலாக இழுக்கலாம், சாவி எடுத்த பிறகும் தூக்க நிலையில் காத்திருக்கும் செட்டிங் ஒன்று இருக்கும், அதில் எத்தனை நிமிடத்தில் முழுவதும் அணைய வேண்டும் என்று குறைத்து வையுங்கள். நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் இன்ஜினை அணைத்துவிட்டு அரை மணி பாட்டுக் கேட்பவர்களுக்குப் பேட்டரி இறங்குவது வேறு கதை, அதற்கு வயரிங்கைக் குறை சொல்ல முடியாது.

சத்தம் வரவில்லை, ஒரு பக்கம் மட்டும் வருகிறது, அல்லது பேஸ் காணோம்

திரை வேலை செய்கிறது, எந்த ஸ்பீக்கரிலும் சத்தமே இல்லை என்றால் வண்டியில் கம்பெனி ஆம்ப்ளிபயர் தனியாக இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் நீல வெள்ளை வயர் அதற்குப் போக வேண்டும், போகாவிட்டால் ஆம்ப்ளிபயர் எழுந்திருக்காது.

நாலில் ஒன்று மட்டும் ஊமை என்றால் பேலன்ஸ் (இடது வலது), ஃபேடர் (முன் பின்) இரண்டையும் ஒவ்வொரு மூலைக்கும் தள்ளி எந்த ஸ்பீக்கர் என்று குறித்துக்கொள்ளுங்கள். செட்டைக் கழற்றிவிட்டு, வண்டிப் பக்கக் கப்ளரில் அந்த ஸ்பீக்கரின் இரண்டு முனையிலும் மீட்டரை ஓம்ஸில் வையுங்கள். 4 ஓம் ஸ்பீக்கர் மூன்று மூன்றரை காட்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் வயர் எங்கோ அறுந்திருக்கிறது, பெரும்பாலும் கதவுக்கும் பாடிக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் குழாய்க்குள், கதவு திறந்து மூடி அங்கேதான் முறியும்.

சத்தம் கூட்டினால் செட் அணைகிறது அல்லது பாதுகாப்பு நிலை என்று காட்டுகிறது என்றால், ஏதோ ஒரு ஸ்பீக்கர் வயர் பாடியைத் தொடுகிறது. ஸ்பீக்கர் வயருக்கும் பாடிக்கும் நடுவில் மீட்டர் எந்தத் தொடர்பும் காட்டக் கூடாது. இங்கே ஒரு பழைய பழக்கத்தைச் சொல்ல வேண்டும்: ஸ்பீக்கர் நெகட்டிவ்களையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து எர்த் கொடுப்பது. இன்றைய செட்டுகளில் நெகட்டிவ் வயரும் சிக்னல் சுமக்கிற வயர்தான், அதை எர்த்தில் சேர்த்தால் உள்ளே இருக்கும் ஐ.சி. சிப் வெந்துபோகும். தயவுசெய்து யாரையும் அப்படிச் செய்ய விடாதீர்கள்.

இனி பேஸ், அதாவது கனத்த அடிச்சத்தம். நாலு ஸ்பீக்கரும் பாடுகிறது, ஆனால் தவில் சத்தம் தகர டப்பா தட்டின மாதிரி கேட்கிறது. ஒரு நல்ல நாகஸ்வரக் கச்சேரியைப் போட்டு, பேலன்ஸை நடுவிலிருந்து முழுக்க இடதுக்குத் தள்ளுங்கள். ஒரு பக்கம் மட்டும் பாடும்போது தவிலின் கனத்த பக்கமான தொப்பியின் கனம் திரும்பி வந்து, நடுவுக்குக் கொண்டுவந்தால் மறுபடி மெலிந்தால், ஒரு ஸ்பீக்கரில் பாசிட்டிவ் நெகட்டிவ் மாறியிருக்கிறது. ஒரு ஸ்பீக்கரின் கோன் (நடுவில் அசையும் கூம்பு) முன்னே தள்ளும்போது இன்னொன்று பின்னே இழுக்கிறது, இரண்டும் ஒன்றையொன்று அடித்துவிடுகிறது. கண்டுபிடிக்கப் பென்சில் பேட்டரி போதும். செட்டைக் கழற்றிவிட்டு, ஸ்பீக்கர் வயரின் பாசிட்டிவில் பேட்டரியின் பாசிட்டிவ், நெகட்டிவில் நெகட்டிவ் என்று ஒரு நொடி தொட்டு எடுங்கள். டப் என்று ஒரு சத்தம் வரும், கதவு ஜாலியைக் கழற்றிவிட்டுப் பார்த்தால் கோன் வெளியே தள்ளும். உள்ளே இழுத்தால் அந்த ஸ்பீக்கர்தான் மாறியிருக்கிறது. அதன் இரண்டு வயரையும் மாற்றிப் போட்டுவிட்டு அதே தவிலை மறுபடி கேட்டுப் பாருங்கள், வித்தியாசம் தானாகத் தெரியும்.

ஆக்சிலேட்டர் மிதித்தால் ஊய்ங் என்று கூடவே ஏறுகிறது

இன்ஜின் வேகத்தோடு ஏறி இறங்கும் இரைச்சல் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரிலிருந்து வருவது, உள்ளே நுழையும் வழி பெரும்பாலும் எர்த். செட்டுக்கு ஓர் இடத்திலும் ஆம்ப்ளிபயருக்கு வேறோர் இடத்திலும் எர்த் கொடுத்து, அதில் ஒன்று பலவீனமாக இருந்தால் இப்படித்தான் பாடும். முதலில் போனை வயரில் போடாமல் புளூடூத்தில் பாட வையுங்கள், சத்தம் நின்றால் போன் சார்ஜர்தான் காரணம், வேறெங்கும் கை வைக்க வேண்டாம். நிற்காவிட்டால் ஆம்ப்ளிபயரில் ஆர்.சி.ஏ. வயரை (செட்டிலிருந்து பாட்டைக் கொண்டுவரும் வயர்) பிடுங்கிப் பாருங்கள். பிடுங்கிய பிறகும் இரைந்தால் ஆம்ப்ளிபயரின் எர்த்தோ பவர் லைனோ, நின்றுவிட்டால் ஆர்.சி.ஏ. வழியாகவோ செட்டிலிருந்தோ வருகிறது. ஆர்.சி.ஏ.யையும் பவர் வயரையும் ஒரே பக்கம் கட்டி இழுத்திருந்தால் ஒன்றை வண்டியின் மறுபக்கமாகக் கொண்டுபோங்கள். இரைச்சலை அடக்கும் ஃபில்டர் டப்பாவைக் கடைசியில் யோசிக்கலாம், எர்த்தைச் சரிசெய்யாமல் அதை மாட்டுவது காய்ச்சலுக்குப் போர்வை போர்த்துவது போல.

எஃப்.எம். இழுக்கவில்லை

இப்போது யார் ரேடியோ கேட்கிறார்கள் என்று மாட்டுபவர்கள் இதை விட்டுவிடுவார்கள். 2018 நவம்பர் 16 விடியற்காலை வேதாரண்யம் பக்கம் கஜா புயல் கரை கடந்த பிறகு கரண்ட் இல்லை, டவர் இல்லை, வாரக்கணக்கில் எத்தனையோ ஊர் இருட்டில் கிடந்தது. அந்த மாதிரி நாளில் வெளி உலகச் செய்தி வருவதற்கு வாசலில் நிற்கும் காரின் ரேடியோ ஒரு வழி. அதனால் ரேடியோ சரியாக இழுக்கும்வரை நான் டேஷ்போர்டை மூடுவதில்லை.

கூரையில் சின்ன ஆண்டெனா உள்ள வண்டிகளில் அதன் அடியில் ஒரு குட்டி பூஸ்டர் இருக்கும், அதற்கு 12 வோல்ட் வேண்டும். கம்பெனி செட் அதைத் தானாகக் கொடுத்துக்கொண்டிருந்தது, புதுச் செட்டில் நீல வயர் டேப் சுற்றிச் சும்மா தொங்கும். அதை இணைத்ததும் கரகரவென்றிருந்த காரைக்கால் 100.3 தெளிந்துவிடும். சில வண்டிகளில் அந்த 12 வோல்ட் ஆண்டெனாக் கேபிளுக்குள்ளேயே போக வேண்டும், அதற்கென்று தனி அடாப்டர் இருக்கிறது.

சில ஸ்டேஷன் கிடைக்கிறது, சிலது எண்ணே வரவில்லை என்றால் ரேடியோவின் நாட்டுச் செட்டிங்கைப் பாருங்கள். அமெரிக்காவில் வைத்திருந்தால் புள்ளிக்குப் பிறகு ஒற்றைப்படை எண்ணில் மட்டும்தான் நிற்கும். காரைக்கால் 100.3, திருச்சி ரெயின்போ 102.1, கொடைக்கானல் 100.5 எல்லாம் ஒற்றைப்படை, அதனால் கோளாறே தெரியாது. 106.4க்குப் போனால் 106.3லிருந்து 106.5க்குத் தாவிவிடும். மத்திய அலையில் 10 கிலோ ஹெர்ட்ஸ் படியாக நகரும், திருச்சி வானொலியின் 936 அதில் வரவே வராது, 930ம் 940ம்தான் வரும். செட்டிங்கை ஆசியாவுக்கோ ஐரோப்பாவுக்கோ மாற்றினால் 9 கிலோ ஹெர்ட்ஸ் படியாகிவிடும்.

எல்லாம் சரி, ஆனாலும் கரகரப்பு என்றால் லைட்டர் சாக்கெட்டில் சொருகிய மலிவான சார்ஜரையும் டேஷ்கேம் சார்ஜரையும் பிடுங்கிவிட்டுக் கேளுங்கள்.

ஸ்டீயரிங் பட்டன் வேலை செய்யவில்லை, ரிவர்ஸ் கேமரா வரவில்லை

ஸ்டீயரிங் பட்டன் பல வண்டிகளில் ரெசிஸ்டன்ஸ் முறை, ஒவ்வொரு பட்டனுக்கும் ஒவ்வொரு ஓம்ஸ். கப்ளரில் அந்த வயருக்கும் எர்த்துக்கும் நடுவில் மீட்டர் வைத்துப் பட்டனை அழுத்தினால் எண் மாறும். மாறினால் அந்த வயரைச் செட்டில் ‘கீ 1’ என்று குறித்திருக்கும் வயரில் கொடுத்து, செட்டிங்கில் பட்டன்களை ஒவ்வொன்றாகக் கற்றுக்கொடுங்கள். இரண்டு பட்டன் ஒரே வேலையைச் செய்தால் எர்த் பலவீனம். எண் மாறவே இல்லையென்றால் அது கேன் பஸ் வண்டி, டிகோடர் வாங்க வேண்டியதுதான்.

கேமராவுக்கு ரிவர்ஸ் லைட்டின் 12 வோல்ட் இரண்டு இடத்துக்குப் போக வேண்டும், கேமராவுக்கு ஒன்று, செட்டின் ரிவர்ஸ் வயருக்கு ஒன்று. திரை மாறுகிறது, படம் மட்டும் இல்லை என்றால் செட்டிங்கில் ஏ.எச்.டி., சி.வி.பி.எஸ். என்று இருக்கும் கேமரா வகையை மாற்றிப் பாருங்கள். படம் இடம் வலம் மாறித் தெரிந்தால் கேமரா வயரில் வளையமாக விட்டிருக்கும் குட்டி வயர்களில் ஒன்று அதற்குத்தான், எதை வெட்ட வேண்டும் என்று கேமராவோடு வந்த தாளில் பார்த்துவிட்டு வெட்டுங்கள். கைப்பிரேக் வயரை எர்த்தில் கொடுத்து ஓட்டும்போதே படம் பார்க்க வழி செய்வார்கள், அதை மட்டும் செய்யாதீர்கள். நம் ஊர் ரோட்டில் மாடும் சைக்கிளும் டிராக்டரும் எந்தப் பக்கம் இருந்து வரும் என்று யாருக்கும் தெரியாது.

குழியில் விழுந்தால் அணைகிறது, மழை வந்தால் தகராறு

குலுக்கலில் அணைந்து எழுந்தால் எர்த்தோ கப்ளரோ லூஸ். நாகப்பட்டினம், வேளாங்கண்ணிப் பக்கம் கடற்கரையோரம் நிற்கும் வண்டிகளில் உப்புக் காற்று பட்டு எர்த் போல்ட்டில் பச்சை பூத்திருக்கும், தேய்த்துச் சுத்தம் செய்து இறுக்கி, மேலே கிரீஸ் தடவுங்கள். ஐப்பசி மழையில் கதவு ஸ்பீக்கர் கரகரத்தால் கதவு அட்டைக்குப் பின்னால் இருக்கும் பாலித்தீன் தாளைப் பாருங்கள். ஸ்பீக்கர் மாற்றியவர் கிழித்துப் போட்டிருப்பார், கண்ணாடி வழியாக இறங்கும் தண்ணீர் நேராகக் கோனில் விழும். புதுத் தாள் ஒட்ட ஐம்பது ரூபாய்கூட ஆகாது.

சித்திரை வெயிலில் நின்ற வண்டியில் செட் தடுமாறினால் பின்னால் வயரைத் திணித்துக் காற்றுத் துளையை அடைத்திருக்கிறார்களா பாருங்கள், வயரைக் கட்டிக் கீழே இறக்கினாலே போதும்.

கடைசியாக எலி. சம்பா அறுவடை முடிந்து தை, மாசியில் வயல் காலியானதும் எலிகள் வைக்கோல் போருக்கும் கொட்டகைக்கும் வந்துவிடும், அங்கிருந்து காருக்கு எத்தனை தூரம். போன மாசியில் பக்கத்து வீட்டு அண்ணன் வண்டியில் பின் இடது ஸ்பீக்கர் திடீரென்று ஊமையாகிவிட்டது. புதுச் செட்டில் அந்தச் சேனல் போய்விட்டது என்று சொல்லி மாற்றித் தர ஒரு தொகையும் கேட்டிருந்தார்கள். நல்லவேளையாகப் பழைய செட்டைப் பத்திரமாக வைத்திருந்தார், கப்ளரும் வெட்டாமல் இருந்தது. பழையதைச் சொருகினோம், அதிலும் பின் இடது ஊமை. அப்போ செட் இல்லை, வயர்தான். முன் கதவு வாசற்படியின் பிளாஸ்டிக்கை நெம்பி எடுத்ததும் அடியில் நெல் உமியும் கிழிந்த பஞ்சும் குவிந்திருந்தது, நடுவில் இரண்டு வயர் செம்பு தெரியப் பல்லால் கடித்துத் துண்டாகிக் கிடந்தது. ஈயம் வைத்து ஒட்டி, வெப்பத்தில் சுருங்கும் குழாய் போட்டு, மேலே வளைகுழாய் உறையும் மாட்டி மூடினோம். புதுச் செட்டைத் திரும்பச் சொருகியதும் நாலு மூலையும் பாடியது. அண்ணன் வண்டியை இப்போது வைக்கோல் போர்ப் பக்கம் நிறுத்துவதில்லை, கிணற்றடிப் பக்கம் மாற்றிவிட்டார்.